பல நோய், ஓர் உடல்: வைத்தியத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம்



இனிப்பு நீரைப் பற்றித் தனியாகப் பேசக் கேட்டிருப்பீர்கள். இரத்தக் கொதிப்பைப் பற்றியும், சிறுநீரக நோயைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டிருப்பீர்கள். ஆனால் நம் வீடுகளில் நோய்கள் அப்படித் தனித்தனியாக வருவதில்லை. இனிப்பு நீர் உள்ளவருக்கே இரத்தக் கொதிப்பும் இருக்கிறது. அவருக்கே முட்டி வலியும் இருக்கிறது. கொழுப்பு கூடியிருக்கிறது என்றும், சிறுநீரில் புரதம் போகிறது என்றும் அவரிடமே சொல்கிறார்கள். இப்படி ஒரே உடலில் பல நோய்கள் குடியிருக்கும்போது அந்த வைத்தியங்களையெல்லாம் யார் சேர்த்துப் பார்ப்பது? அதை எப்படிச் செய்வது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இது ஒரு சிலருடைய தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2023ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வு என்ன சொல்கிறது? பெரியவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. ஏறக்குறைய 29 பேருக்கு இரத்தக் கொதிப்பும், 33 பேருக்குக் கூடுதல் கொழுப்பும் இருக்கின்றன. இவற்றோடு உடல் பருமனையும் சேர்த்தால், நான்கும் ஒருங்கே உள்ளவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். மூன்று உள்ளவர்கள் ஏறக்குறைய 23 லட்சம். இனிப்பு நீர் மிகுதியாகக் காணப்படுவது நம் இந்தியச் சமூகத்தில்தான் என்பதை இத்தகைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டி வருகின்றன.

தூர தேசத்துச் செய்தி ஒன்றையும் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 17½ லட்சம் பேருடைய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வறுமை மிகுந்த வட்டாரங்களில் வாழ்வோருக்கு, வசதியான வட்டாரத்தாரைக் காட்டிலும் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு முன்னதாகவே பல நோய்கள் சேர்ந்துவிடுகின்றன என்பதே அந்த முடிவு. குளிர் தேசத்து ஏழையின் உடலும் வெயில் தேசத்து ஏழையின் உடலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். நம் தோட்டங்களில் 50 வயதிலேயே கைநிறைய மாத்திரையோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறோம். அது அவர்கள் தலையெழுத்தும் அல்ல, சோம்பலும் அல்ல. பாடுபட்ட உடலுக்கு நோய் சீக்கிரம் வந்து சேருகிறது. ஆகவே நாமும் சீக்கிரமே விழித்துக்கொள்ள வேண்டும்.

முன்னாளில் பெரிய தோட்டங்களில் டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். தாத்தாவுக்குக் கட்டுப் போட்டவரும் அவரே, பேரனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தவரும் அவரே. இந்த வீட்டில் யாருக்கு இழுப்பு, யாருக்கு மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் மனத்தில் இருந்தது. அவரிடம் இருந்த மருந்துகள் சொற்பம். ஆனால் ஆளை முழுமையாகத் தெரிந்த ஒருவர் இருந்தார்.

இன்று நிலைமை வேறு. கோலா கெத்தில் வட்டாரத்தில் இருக்கும் ஒருவர் இனிப்பு நீருக்கும் கொதிப்புக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறார். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கோ பாலிங் மருத்துவமனைக்கோ அனுப்பப்படுகிறார். இருதயத்துக்கு அலோர் ஸ்டார் வரை போகிறவர்களும் உண்டு. இடையில் காய்ச்சல் என்றால் பட்டணத்துத் தனியார் கிளினிக். முட்டி வலிக்கு மருந்துக்கடை மாத்திரை. பசார் மாலத்தில் ஒலிபெருக்கி வைத்து விற்கிற ஜாமு இன்னொரு பக்கம். மருந்துகள் பெருகிவிட்டன, மருத்துவர்களும் பெருகிவிட்டார்கள். ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியை நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் எப்போதும் பார்ப்பதில்லை. இத்தனை அறைகளுக்குள்ளும் போய் வருகிற ஒரே ஆள் யார்? நோயாளிதான். ஆகவே இந்த அறையின் செய்தியை அந்த அறைக்குக் கொண்டுபோகும் பொறுப்பும் அவருடையதாகவும், அவர் குடும்பத்தாருடையதாகவும் ஆகிவிடுகிறது.

அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஓர் அம்மாளைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 58. முப்பது ஆண்டு பால் மரம் வெட்டியவர். இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். அம்மாள் அதை அறியாமல் வேறொரு கிளினிக்கில் காலைக் காட்டுகிறார். அங்கே நீர் இறங்குவதற்கு மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த நீர் மாத்திரையால் இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுகிறது. ஒரு நாள் இரவு கட்டைவிரல் நெருப்பாய் வலிக்கிறது. ‘கௌட்’ என்னும் வாத நோய் வந்துவிட்டது. வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்குகிறார். அந்த வலி மாத்திரை இரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது, இனிப்பு நீரால் ஏற்கனவே களைத்துப்போன சிறுநீரகத்தையும் தாக்குகிறது. கொதிப்பு கூடிவிட்டதைக் கண்ட மருத்துவர் மேலும் ஒரு மாத்திரை சேர்க்கிறார்.

பாருங்கள் நேயர்களே, இதில் யாரும் பிழையான எண்ணத்தோடு நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் முன்னால் தெரிந்ததற்கு மருந்து கொடுத்தார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணி, அதற்கு இன்னொரு மருந்து சேர்ந்துகொண்டே போயிற்று. ‘இந்த வீக்கம் புது மாத்திரை தொடங்கிய பிறகு வந்தது’ என்ற ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லப்பட்டிருந்தால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். அந்த வார்த்தையைச் சொல்லக்கூடியவர் அந்த அம்மாள் ஒருவர்தான்.

இதன் கடைசி எங்கே போய் நிற்கும் என்பதும் நமக்குத் தெரியும். நம் நாட்டில் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதற்காரணம் இனிப்பு நீரே. சிறுநீரகம் போய்விட்டால் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. தோட்டத்திலிருந்து வண்டி பிடித்துப் போய் வர வேண்டும். உடன் போகும் மகனுக்கோ மகளுக்கோ வேலை கெடும். ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே அந்த நாற்காலியைச் சுற்றிக் கட்டப்பட்டுவிடுகிறது.

இனி, செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம்.

முதலாவது, ஒரு கணக்குப் புத்தகம். பால் எடை போடும் இடத்தில் கிராணி எழுதிக்கொள்கிறார். இருந்தாலும் நம்மில் விவரம் தெரிந்தவர்கள் தங்கள் எடையைத் தாங்களும் குறித்து வைப்பார்கள். மாதக் கடைசியில் சம்பளத்தில் குறைந்தால் கேட்க வேண்டுமல்லவா? உடம்புக்கும் அப்படியே. கிளினிக்கில் நம் கார்டு இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது. அந்தக் கார்டு அந்தக் கிளினிக்கில்தான் இருக்கும். நம் புத்தகம் நம்மோடு வரும். கர்ப்பிணித் தாய்மார்களுக்குக் கிளினிக்கில் ஒரு புத்தகம் கொடுத்து, எங்கே போனாலும் கொண்டுபோகச் சொல்கிறார்கள். நள்ளிரவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைத் திறந்தால் தாயின் நிலை தெரிந்துவிடும். அதே அறிவை மற்ற நோய்களுக்கும் பயன்படுத்தலாம். இனிப்பு நீர் நோயாளிகளுக்குக் கிளினிக்கில் ஒரு பதிவுப் புத்தகம் கொடுத்திருந்தால், அதையும் இதனோடு சேர்த்து வையுங்கள்.

பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். முதல் பக்கத்தில் பெயர், அடையாள அட்டை எண், எந்தெந்த நோய் எந்த ஆண்டிலிருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்னென்ன அறுவை நடந்திருக்கிறது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய பிள்ளையின் தொலைபேசி எண். இரண்டாம் பக்கத்தில் மருந்துப் பட்டியல். மருந்தின் பெயர், அதன் அளவு, எதற்காக, எந்த வேளைக்கு, யார் கொடுத்தது, எந்தத் தேதியிலிருந்து என்று ஆறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மருந்து நிறுத்தப்பட்டால் அதை அழித்துவிடாமல், மேலே ஒரு கோடு இழுத்து, நிறுத்திய தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். மூன்றாம் பக்கம் எண்களுக்கு. இரத்தக் கொதிப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் சோதனை எவ்வளவு, சிறுநீரகச் சோதனை எவ்வளவு, எடை எவ்வளவு என்று தேதியோடு எழுத வேண்டும். நான்காம் பக்கத்தில் அடுத்து போக வேண்டிய நாட்கள். கண் சோதனை, பாதச் சோதனை, சிறுநீரகச் சோதனை ஆகியவை இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். ஐந்தாம் பக்கம் கேள்விகளுக்கு. மருத்துவரின் முன்னால் உட்கார்ந்ததும் கேட்க வந்ததெல்லாம் மறந்துபோகும். ஆகவே வீட்டிலேயே மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். மிக முக்கியமானதை முதலில் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு பை. வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு, கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் கொண்டு போங்கள். எல்லாம் என்றால் எல்லாம். கிளினிக் மாத்திரை, தனியார் டாக்டர் கொடுத்தது, கடையில் வாங்கிய வலி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து, ஜாமு, பக்கத்து வீட்டு அக்காள் கொடுத்த நாலு மாத்திரை. வெட்கப்பட வேண்டாம். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு நிறத்தில் பைக்குள் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. மருந்தாளர் அதைக் கண்ட மாத்திரத்தில் பிடித்துவிடுவார். மாத்திரைகளைப் பொட்டலத்திலிருந்து பிரித்து ஒரே பாட்டிலில் கொட்டி வைக்காதீர்கள். பெயர் போய்விட்டால் கணக்கும் போய்விடும்.

ஜாமு விஷயத்தில் ஒரு வார்த்தை. ‘மூன்றே நாளில் முட்டி வலி பறந்துவிட்டது’ என்று ஒரு மருந்தைப் புகழ்ந்தால், அதில் ஸ்டெராய்டு என்னும் மருந்தை மறைவாகக் கலந்திருக்கக்கூடும். அத்தகைய ஜாமுகளைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. ஸ்டெராய்டு வலியைக் குறைக்கும், கூடவே சர்க்கரையையும் கொதிப்பையும் ஏற்றிவிடும். பல நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் ‘எம். ஏ. எல்.’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் பாதுகாப்பு ஒட்டும் இருக்கும். இரண்டும் இல்லாததை வாங்காதீர்கள்.

மூன்றாவது, மருந்து உறையைப் படிக்கத் தெரிய வேண்டும். உறையில் இருப்பது மலாய். நம் பாட்டிமார்களில் பலருக்கு அது எழுத்தாகத் தெரியாது. ஆனால் சொற்கள் சிலவே. ‘செபெலும் மக்கான்’ என்றால் சாப்பாட்டுக்கு முன். ‘செலெபாஸ் மக்கான்’ என்றால் சாப்பாட்டுக்குப் பின். ‘பிஜி’ என்பது மாத்திரை எண்ணிக்கை. ‘காலி செஹாரி’ என்பது நாளைக்கு எத்தனை தடவை என்பது. ‘2 பிஜி 3 காலி செஹாரி’ என்றிருந்தால் ஒரு தடவைக்கு இரண்டாக நாளைக்கு மூன்று தடவை, மொத்தம் ஆறு. ‘பிலா பெர்லு’ என்றால் தேவைப்படும்போது மட்டும். ‘ஹாபிஸ்கான்’ என்றால் கொடுத்ததை முழுவதும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால், உறையின் மேல் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சூரியன் படம் காலைக்கு, நிலா படம் இரவுக்கு. எழுத்தே தெரியாதவரும் புரிந்துகொள்வார்.

புதிய மருத்துவரிடம் போகும்போது நோய்களின் பெயரை மலாயில் வரிசையாகச் சொல்லப் பழகுங்கள். இனிப்பு நீர் ‘கென்சிங் மானிஸ்’, கொதிப்பு ‘டாரா திங்கி’, இருதயம் ‘ஜந்தோங்’, சிறுநீரகம் ‘புவா பிங்காங்’, இழுப்பு ‘லெலா’, மருந்து ஒத்துக்கொள்ளாமை ‘அலாஹான்’. ‘ஊபாட் இனி உந்தோக் அப்பா?’ என்று கேட்டால், ‘இந்த மருந்து எதற்கு?’ என்று பொருள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நான்காவது, எந்த நேரங்களில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் மருந்தால் கேடு நேராமல் காக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஐந்து நேரங்களில் நோயாளி கேள்வி கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. மருந்தைத் தொடங்கும்போது, அதைச் சாப்பிட்டு வரும்போது, புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது, எல்லா மருந்தையும் மறுபடி பார்க்கும்போது, நிறுத்தும்போது. இவற்றில் சேர்ப்பதும் நிறுத்துவதும் நம் மக்களுக்கு மிகவும் முக்கியம்.

சேர்க்கும்போது கேட்க வேண்டியது: ‘நான் ஏற்கனவே சாப்பிடுகிற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா? என் சிறுநீரகத்துக்கு ஆகுமா?’ இழுப்பு உள்ளவருக்குச் சில இருதய மாத்திரைகள் ஆகாது. அதே வகை மாத்திரைகள், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வாயில் போட்டால் தைராய்டு மாத்திரை உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இவையெல்லாம் நாமே கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. பையையும் புத்தகத்தையும் காட்டினால், சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்கள்.

நிறுத்தும் விஷயம் இன்னும் பெரிது. ‘கொதிப்பு சரியாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிண்டோப்ரில், எனாலாப்ரில் போன்ற மாத்திரைகள் கொதிப்பை மட்டும் பார்ப்பதில்லை. இனிப்பு நீர் உள்ளவரின் சிறுநீரகத்தையும் அவை காக்கின்றன. நாம் ஒன்றை நிறுத்தியதாக எண்ணுவோம், உண்மையில் இரண்டு காவலை எடுத்துவிட்டிருப்போம். அதே மாத்திரையால் சிலருக்கு வறட்டு இருமல் வரும் என்பதும் உண்மை. அப்படி வந்தால் மாற்று மருந்து உண்டு. ஆகவே இருமலைச் சொல்லுங்கள், மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்ச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். இனிப்பு நீர் உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

‘மாத்திரை அதிகம் சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும்’ என்ற பேச்சு தோட்டந்தோறும் உலவுகிறது. இதில் பாதி உண்மையும் பாதிப் பொய்யும் கலந்திருப்பதால்தான் இது ஆபத்தாகிறது. கேட்காமல் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் கிளினிக்கில் கொடுக்கும் சர்க்கரை மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் அதே கணக்கில் சேர்ப்பது பொய். அடங்காத சர்க்கரையும் அடங்காத கொதிப்பும்தான் சிறுநீரகத்தை அரிக்கின்றன. நம்மில் பலர் பயப்பட வேண்டியதைப் பயப்படாமல் விழுங்கி, விழுங்க வேண்டியதைப் பயந்து எறிந்துவிடுகிறோம்.

ஐந்தாவது, நம் வேலையையும் உணவையும் மருத்துவரிடம் சொல்வது. விடியுமுன் எழுந்து ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு மரத்துக்குப் போகிறவர், சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு போகிறார். சாப்பிடுவது பத்து மணிக்கு மேல். கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளுக்கும் இன்சுலினுக்கும் இது ஆகாது. மரத்தடியில் கண் இருட்டிக்கொண்டு வரும். ‘காலையில்’ என்று மருத்துவர் சொன்னபோது, அவர் மனத்தில் இருந்தது காலைப் பசியாறல். நம் காலை வேறு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நடுக்கம், வியர்வை, மயக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பையில் கொஞ்சம் சீனியோ மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும்.

நீர் மாத்திரையைச் சாப்பிட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும், மரக்காட்டில் பெண்களுக்கு அது சங்கடம். அதனால் வேலை நாட்களில் அதை விட்டுவிடுகிற தாய்மார்கள் உண்டு. இது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல. மிஸ்ஸியிடம் சொன்னால் நேரத்தை மாற்றிக்கொள்ள வழி சொல்வார்கள். தைப்பூசத்துக்கும் கார்த்திகைக்கும் விரதம் இருக்கிறவர்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு மருந்தைச் சரிசெய்துகொள்ளட்டும். வாந்தி பேதி கண்ட நாட்களில் சில சர்க்கரை மாத்திரைகளையும் கொதிப்பு மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மருந்துகளில் எவை அப்படிப்பட்டவை என்பதை நன்றாக இருக்கும்போதே கேட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

உணவு விஷயத்தில் ஒரு நோய்க்குச் சொன்ன புத்தி இன்னொரு நோய்க்கு எதிராக நிற்கும். இனிப்பு நீருக்குக் கீரையும் பருப்பும் பழமும் நல்லது என்பார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அவற்றில் சிலவற்றையே அளவாகச் சாப்பிடச் சொல்வார்கள். நட்சத்திரப் பழம், அதாவது பெலிம்பிங், சிறுநீரக நோயாளிக்கு நஞ்சாகவே மாறும். அதைத் தொடக் கூடாது. பாகற்காய்ச் சாறு சர்க்கரையைக் குறைக்கும் என்று மாத்திரையோடு தினமும் குடித்தால், சர்க்கரை வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிடலாம். ஆனால் உப்பு மட்டும் எல்லா நோய்க்கும் பொதுப் பகை. கருவாடு, நெத்திலி, கிச்சாப், ஊறுகாய் ஆகியவற்றைக் குறைத்தால் கொதிப்பு, சிறுநீரகம், இருதயம் மூன்றுக்கும் ஒரே செலவில் வைத்தியம் ஆகிறது. எங்கே தொடங்குவது என்று திகைக்கிறவர்கள் உப்பிலிருந்து தொடங்கலாம். புகையை விடுவதும் அப்படியே.

இனி, நமக்குக் கிடைக்கும் உதவிகள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆஸ்பத்திரியில் நிபுணர் எழுதிய தொடர் மருந்தை மாதாமாதம் அங்கேயே போய் வாங்க வேண்டியதில்லை. ‘ஸ்பப்’ என்ற ஏற்பாட்டின்படி வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே பெற்றுக்கொள்ளலாம். மருந்துக் கவுண்டரில் கேளுங்கள். பல மருந்து சாப்பிடுகிறவர்களோடு மருந்தாளர் தனியே உட்கார்ந்து பேசும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. பெரிய கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர் இருப்பார். ஒரே ஆளை முழுமையாகப் பார்ப்பதே அவருடைய படிப்பு. நோய்கள் நான்கைந்தாகிவிட்டால் அவரைப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதை எட்டியவர்களுக்கு, 2019இல் தொடங்கிய ‘பெக்கா பி40’ திட்டத்தில் இலவச உடற்சோதனை உண்டு. சொக்சோ என்று நாம் அழைக்கும் பெர்கேசோவில் சந்தா செலுத்தியவர்கள், நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் தங்கள் உரிமை என்ன என்று அதன் அலுவலகத்தில் தவறாமல் விசாரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவருக்கு உடற்பயிற்சி வைத்தியமும் வீட்டிலேயே நடக்கிறது. நோயாளி பல இடம் அலைவதே பாதி நோய் என்பதை அங்கும் உணர்ந்திருக்கிறார்கள்.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டிக்கு மொழிபெயர்ப்பதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழக்கம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ‘புவா பிங்காங்’ என்பது இதுதான் என்றும் தெரியாது, டாக்டர் சொல்லும் கடுமையான செய்தியைத் தாங்கும் நெஞ்சும் இராது. பயந்து பாதியை விழுங்கிவிடும். உறையில் எழுதுவது, புத்தகத்தில் எண்களைக் குறிப்பது, மாத்திரை வேளையை நினைவூட்டுவது ஆகியவை பிள்ளைகள் செய்யத்தக்க வேலைகள். மருத்துவரின் முன்னால் நிற்பது பெரியவர் ஒருவருடைய வேலை. பிள்ளைகள் பினாங்கிலும் கூலிமிலும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், அண்ணன் தம்பிகளுக்குள் ஒருவரை இதற்கென்று நியமித்துக்கொள்ளுங்கள். வண்டி வைத்திருப்பவர் அழைத்துப் போகலாம், பணம் உள்ளவர் செலவைப் பார்க்கலாம். ஆனால் அந்தப் புத்தகம் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அதன் பக்கங்களைத் தொலைபேசியில் படமெடுத்து மற்றவர்களுக்கும் அனுப்பி வைக்கலாம்.

எந்தப் புத்தகத்துக்கும் காத்திராமல் 999 எண்ணை அழைக்க வேண்டிய நேரங்களும் உண்டு. நெஞ்சில் அழுத்தமான வலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் விழுதல், பேச்சுக் குழறுதல், நினைவு தப்புதல் ஆகியவை அவை. இனிப்பு நீர் உள்ளவருக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரக்கூடும். வியர்வையும் மூச்சு முட்டலும் மட்டும் கண்டாலும் தாமதிக்காதீர்கள்.

நேயர்களே, இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இந்த வாரம் வீட்டில் உள்ள மருந்தையெல்லாம் ஒரே பையில் சேருங்கள். அடுத்த வாரம் நோட்டுப் புத்தகத்தின் முதல் இரண்டு பக்கத்தை எழுதுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இரண்டையும் மேசைமேல் வைத்து, ‘இவை எல்லாமே எனக்குத் தேவைதானா, சேர்த்துச் சாப்பிடலாமா, பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பட்டியலைப் பார்த்த பிறகு மருந்துகள் குறைக்கப்படுவதும் உண்டு. படிப்பில்லாதவர், ஏழை, தோட்டத்து ஆள் என்று எண்ணி வாயை மூடிக்கொள்ள வேண்டாம். உங்கள் உடலுக்குள் நடப்பதை உங்களைவிட நெருங்கி இருந்து அறிந்தவர் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. அந்த அறிவை மருத்துவருக்கு எட்டும்படி எடுத்துச் சொல்லுங்கள்.